முன் சக்கரம் பாவமுங்க

இந்தக் கதையில ஒரு வார்த்த பொய்யின்னா, எங்கடை பாய்லர் இன்னைக்கே வெடிக்கட்டும். போன மாசம்தான் புதுசா வாங்குனது. அத வெச்சு நான் பொய்ச்சத்தியம் பண்ணுவனா?

எங்க டீக்கடைக்கு எதுத்தாப்புல லாரி எடை மேடை. அங்க வர்றவங்கள்ல பூங்கோதைய எல்லாரும் குருன்னுதான் கூப்பிடுவாங்க. வயசு முப்பத்தஞ்சு. சொந்த லாரி, ஓட்டறதும் அந்தப் புள்ளதான். சிஷ்யன் மாரப்பனுக்கு அம்பதத் தாண்டியாச்சு. தையக்கடைய மூடிட்டு பத்துச் சக்கர லாரி வாங்குன மவராசன். லாரிக்கு சட்டை தைக்காதது ஒண்ணுதான் பாக்கி.

அன்னைக்கு ஜவ்வரிசி லோடு. மாரப்பன் எடை போட்டுட்டு, எங்கடையில உக்காந்திருந்த குருகிட்ட மூஞ்சி தொங்கிப் போய் வந்தாரு.

"குருவே, மொத்த எடை சரியாத்தான் இருக்குது. போன நடையும் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா மலையிறக்கத்துல ஸ்டேரிங்கத் திருப்புறேன், வண்டி திரும்பல. தடுப்புச் செவுத்துகிட்டப் போயித்தான் திரும்புச்சு. இன்னைக்கும் அதே எறக்கம். உசுரோட எறங்குவனா?"

"வீட்ல சொன்னீங்களாண்ணா?"

"எம் பொண்டாட்டி தங்காயிகிட்டயா? பாவம், அவளுக்கு எதுக்கு இந்தப் பாரம்?"

குரு எந்திரிச்சுப் போயி லாரிய ஒரு சுத்து சுத்தி வந்துச்சு. பின்னால மூட்டைக கோபுரமாட்டம் நிக்குது. கேபினுக்கு அடுத்தாப்புல ஒரு கல்யாணமே நடத்தலாம், அவ்வளவு காலி.

"ஏனுங்கண்ணா, முன்னால ஏன் ஏத்தல?"

மாரப்பனுக்கு வெக்கம் வந்துருச்சு. "பின்னால எட்டு டயரு, தாங்கும். முன்னால ரெண்டே ரெண்டு. பாவமுங்க அதுக."

"ரெண்டுக்கும் குங்குமம் வேற வெச்சிருக்காரு"ன்னேன் நான்.

குரு சிரிக்கல. "வாங்கண்ணா, டீ குடிக்கலாம்."

எங்கடை பெஞ்சுக்கு ரெண்டு காலும் நடுவால நெருங்கி இருக்கும். பலகையோட ரெண்டு முனையும் வெளிய நீட்டிக்கிட்டிருக்கும். ஒரு முனையில அவர உக்கார வெச்சுட்டு, மறுமுனையில குரு உக்காந்துச்சு. நான் அவரு ஒரு கையில டீயும் மறுகையில போண்டாவும் குடுத்தேன். அவரு போண்டாவக் கடிச்ச நேரம் பாத்து குரு வெடுக்குன்னு எந்திரிச்சிருச்சு.

பெஞ்சு தூக்கிக்கிச்சு. மாரப்பன் தரையில. டீ சட்டையில. போண்டா மட்டும் வாயில பத்திரமா இருந்துச்சு.

"பெஞ்சு ஒடஞ்சுதுங்களாண்ணா?"

"இல்ல."

"அப்ப எடை அதிகமில்ல. பின்ன ஏன் உழுந்தீங்க?"

"நீ எந்திரிச்சுட்டியே தாயி!"

"நான் ஒத்தப் பொம்பள. பாவம், எனக்கு எதுக்குப் பாரம்னு எந்திரிச்சனுங்க."

மாரப்பன் தரையில உக்காந்த மேனிக்கே லாரியப் பாத்தாரு. அப்புறம் போண்டாவ முழுங்கிட்டுப் போயி தார்ப்பாய அவுத்தாரு.

மூட்டைகள முன்னால மாத்துனோம். மாத்துனோம்னா நானுந்தான். இடுப்பு இன்னும் நிமிரல எனக்கு. முன் சக்கரத்த மட்டும் மேடையில ஏத்தி நிறுத்தச் சொல்லுச்சு குரு, அப்புறம் பின் சக்கரங்கள மட்டும். ரெண்டும் அளவுக்குள்ள.

மாரப்பனுக்கு மனசு ஆறல. குனிஞ்சு முன் டயரத் தடவிக் குடுத்தாரு.

"இருந்தாலும் குருவே, இதுகளுக்கு நான் நல்லதுதான நெனச்சேன்?"

"நல்லதுதாங்கண்ணா நெனச்சீங்க. ஆனா ஒரு பாரமும் குடுக்காம வெச்சிருந்தா, வளைவு வர்றப்ப அது எப்படிங்க ரோட்டப் புடிக்கும்?"

மாரப்பன் வண்டியில ஏறுனாரு. சாவியப் போடல. செல்போன எடுத்தாரு.

"தங்காயி... போன நடையில ஒண்ணு நடந்துச்சு. உங்கிட்டச் சொல்லல..."

"ஒட்டுக் கேக்காம வாங்க மாமா"ன்னு குரு என்னைய இழுத்துக்கிட்டு வந்துருச்சு.

அவ்வளவுதான் கதை. கேட்டவங்க ஆளுக்கு ரெண்டு போண்டா வாங்கிக்கணும். ஓசியில கேட்டுட்டு நழுவலாம்னு பாக்கறவங்க, வாங்க, இந்தப் பெஞ்சு ஓரத்துல செத்த நேரம் உக்காருங்க. மறுமுனையில நான் உக்காந்துக்கறேன்.