கள்ளிமேட்டுக்குப் போன கண்ணோட்டம்

"ஓலையில இடம் பத்தலை அம்மா," என்றார் கொற்றநம்பி.

வந்தவர் கும்பிடக்கூட இல்லை, எடுத்த எடுப்பிலேயே குறைதான். கன்னல் நாட்டு அரண்மனையில் பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். வரியும் எல்லையும் படைக்கணக்கும் விரல் நுனியில். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவ்வளவு பெரிய மனிதர் யாரிடம் வந்து முறையிடுகிறார் என்றால், தன் மூத்த மகளைவிட இளையவளிடம்.

அவள் ஊருக்கு வெளியே, பாழடைந்த சுங்கச்சாவடி ஒன்றில் குடியிருந்தாள். அதனால் சாவடியம்மை என்று பேர். கொற்றநம்பிக்கு அவள்தான் குரு. அரண்மனையில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவர் விட்டுவிட்டார்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எந்த ஓலையில?"

"அரசர் கேட்ட ஓலை. நாட்டைப் பத்தி ஒரு கண்ணோட்டம் வேணுமாம். மண்ணு, விளைச்சல், சாலை, படை எல்லாம் ஒரே ஓலையில அடங்கணும். கையில எடுத்தா ஒரே பார்வையில நாடு தெரியணும்னு உத்தரவு."

"அவ்வளவு அவசரமா அவருக்கு?"

"அவசரந்தான்." நம்பி தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். "வடக்கத்தி அரசன் எல்லையில படையோட நிக்கிறான். நம்ம ஏழு சீமையில ஒண்ணைக் கொடுத்தா திரும்பிப் போறேங்கிறான். எதுன்னாலும் சரியாம். ஜெயிச்சேன்னு ஊருக்குக் காட்ட அவனுக்கு ஒரு துண்டு வேணும், அவ்வளவுதான். நம்ம அரசர் சின்ன வயசு. ஏழு சீமையையும் தரம் பிரிச்சு எழுதும், ஓலையில கடைசி வரி எதுவோ அதைக் கொடுத்துடலாம்னு சொல்லிட்டார்."

"கொடுத்தா அங்க இருக்கிற சனங்க?"

"அவன் பிடிச்ச ஊர்ல ஆளை விட்டுவெச்சதில்லை. எல்லாரையும் அகழி வெட்ட ஓட்டிட்டுப் போயிடுவான்."

"கடைசி வரி எது?"

"கள்ளிமேடு." யோசிக்காமலே சொன்னார். "அதுல பேச்சே இல்லை. எந்தப் பக்கம் அளந்தாலும் அதுதான் கடைசி."

"படிங்க, கேப்போம்."

நம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓலையைத் தூக்கிப் பிடித்தார்.

"ஆற்றுச்சீமை. வண்டல் மண். நெல் இரண்டு போகம், கரும்பு ஒரு போகம். கல் பாவிய சாலை. மதகுகள் பழுதில்லை. குதிரைப்படை அங்கேயே நிலைகொண்டிருக்கிறது. துறைச்சீமை. உப்பு, முத்து, சுங்கம். பெரிய கப்பல் நிற்க ஆழம் உண்டு. காவல்கோபுரம் புதிது..."

படிக்கப் படிக்க அவர் குரலில் மிதப்பு ஏறியது. ஏறாமல் என்ன செய்யும், ஒவ்வொரு சொல்லும் அவர் தேடிப் பொறுக்கி வைத்தது. ஆறு சீமையையும் படித்து முடித்துவிட்டு, எப்படி என்பதுபோல் பார்த்தார்.

"பல்லைப் பாத்தீங்களா?" என்றாள் சாவடியம்மை.

"எதோட பல்லை?"

"மடி நல்லாருக்கு, காலு நல்லாருக்கு, கொம்பும் குறையில்லை. பல்லை மட்டும் விட்டுட்டீங்களே. சரி, விலை என்ன சொல்றாங்க?"

நம்பியின் முகம் சுருங்கிப்போயிற்று.

"இது நாடு அம்மா. மாட்டுச்சந்தை இல்லை."

"அப்படியா, தெரியாமக் கேட்டுட்டேன். கள்ளிமேட்டையும் படிச்சிருங்க."

"பாறை. வரகு, அதுவும் மழை பெய்தால். சாலை இல்லை. பாலம் இல்லை. காவல் இல்லை. வருவாய் இல்லை." நிறுத்தினார். "இதுதான் அடங்கலை. கடைசி ரெண்டு சொல்லுக்கு இடமில்லை. எதை வெட்டறதுன்னு கேக்கத்தான் வந்தேன்."

"அந்த ஊர்க்காரங்களுக்குப் படிச்சுக் காட்டினீங்களா?"

"அவங்களுக்கு எதுக்கு?"

"மாட்டை விக்கிற இடத்துல மாடும்தான நிக்குது." அவள் ஆய்ந்த கீரையை முறத்தோடு தூக்கிக்கொண்டு எழுந்தாள். "படிச்சுக் காட்டிட்டு வாங்க பெரியவரே. எதை வெட்டலாம்னு அவங்களே சொல்லிடுவாங்க."

உள்ளே போய்விட்டாள். இனி கூப்பிட்டாலும் வரமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

கள்ளிமேட்டுக்குச் சாலை இல்லை என்று எழுதியவர் அவரேதான். எழுதுவது வேறு, நடப்பது வேறு என்பதை முழங்கால் சொல்லிற்று. ஆற்றைக் கல்லுக்குக் கல் தாவிக் கடந்தார். இரண்டு இடத்தில் தாவல் தவறி இடுப்பு வரை நனைந்தார். இத்தனை காலமும் அந்தச் சீமையை அவர் பிறர் சொல்லித்தான் அறிந்திருந்தார். கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

ஊர்த் தலைவி மாசாணி என்று ஒருத்தி. வெளுத்த வேட்டியும் ஓலையுமாக ஒருவர் மேடேறி வருவதைப் பார்த்து ஊரையே கூட்டிவிட்டாள்.

"நம் அரசர் நாட்டைப் பற்றிக் கண்ணோட்டம் கேட்டிருக்கிறார்," என்று நம்பி அரண்மனைத் தமிழில் ஆரம்பித்தார். "அரசருடைய கண்ணோட்டத்தில் உங்கள் ஊரும் வருகிறது."

"நெசமாவா சாமி?" என்றாள் மாசாணி. "எங்க மேலயுமா?"

"ஏழு சீமைக்கும்தான்."

அவள் திரும்பி, பின்னால் நின்றவர்களிடம் சொன்னாள். "கேட்டீங்களா. ராசாவுக்கு நம்ம மேல கண்ணோட்டம் வந்திருக்காம்."

ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வினையே இங்கேதான். தலைநகரில் கண்ணோட்டம் என்றால் மேலாக ஒரு பார்வை, அவ்வளவுதான். கள்ளிமேட்டில் அந்தச் சொல் பழைய அர்த்தத்திலேயே நின்றுவிட்டது. சாலை இருந்திருந்தால் புது அர்த்தமும் போய்ச் சேர்ந்திருக்கும். அங்கே கண்ணோட்டம் என்றால் இரக்கம். பள்ளத்தில் விழுந்த குட்டியைக் கண்டு, யார் வீட்டு ஆடு என்று கேட்காமல் இறங்குகிறவனைத்தான் அவர்கள் கண்ணோட்டக்காரன் என்பார்கள்.

நம்பி படித்தவர். பழைய அர்த்தம் அவருக்கும் தெரியும். என்ன நடந்துவிட்டது என்று உடனே விளங்கிவிட்டது. அப்படியில்லை, நான் சொன்னது வேறு என்று திருத்தச் சொல்லெடுத்தார். அதற்குள் பாயை விரித்து, கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள்.

"என்ன எழுதிருக்கீங்கன்னு படிங்க சாமி."

படித்தார். பாறை. வரகு. சாலை இல்லை. பாலம் இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் கூட்டம் தலையாட்டியது.

"கூடக் குறைச்சல் இல்லாம எழுதிருக்கீங்க," என்றார் கண்ணைத் துடைத்த கிழவர். "வரகை மட்டும் அடிச்சிருங்க. போன வருசம் அதுவும் இல்லை. வரகு இருக்குன்னு படிச்சா, இவங்களுக்கு என்ன குறைச்சல்னு ராசா விட்டுருவாரு."

நம்பி அடித்தார்.

"பாலம் இல்லைங்கிறதை அழுத்தி எழுதுங்க," என்றாள் இடுப்பில் பிள்ளை வைத்திருந்த ஒருத்தி. "இவங்கப்பனை ஆறு கொண்டுபோயிருச்சு. பாலம் இருந்தா போயிருக்கமாட்டாரு. அதைச் சேக்க முடியுமா?"

"சேர்க்கிறேன்."

"வைத்தியர் இல்லைன்னு சேருங்க."

"கோடையில தண்ணியும் இல்லை. மறந்துறாதீங்க."

பந்தியில் பரிமாறுகிறவர்கள் மாதிரி மாறி மாறிக் கொண்டுவந்து போட்டார்கள். எழுத்தாணி ஓலையின் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. ஒவ்வொரு குறைக்கும் கள்ளிமேடு ஒரு படி கீழே இறங்கியது. மேலே ஏற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவர்களே இறக்கினார்கள்.

"காவல் இல்லைன்னு போட்டிருக்கீங்களே, அதை வேணும்னா எடுத்துருங்க," என்றாள் மாசாணி. "அது ஒரு குறையா சாமி? இங்க வந்து எவன் எதைத் தூக்கிட்டுப் போகப்போறான்?"

ஊரே சிரித்தது. நம்பி மட்டும் ஓலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிறகு ஆடு அடித்தார்கள். அந்த ஊரில் கறியோடு இருந்த ஆடு அது ஒன்றுதான் என்பது, எலும்பும் தோலுமாக நின்ற மற்றவற்றைப் பார்த்தாலே தெரிந்தது. வேண்டாம் வேண்டாம் என்றார். யார் காதில் விழுகிறது? இலை போட்டு, சுற்றி நின்று, போதும் போதும் என்கிற வரைக்கும் வைத்தார்கள். தலை நிமிராமல் சாப்பிட்டார். வெட்கமாக இருந்தது. குழம்பு ருசியாக வேறு இருந்தது, அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

கிளம்பும்போது மாசாணி ஆறு வரைக்கும் கூட வந்தாள்.

"ராசாகிட்டச் சொல்லுங்க சாமி, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லை. மத்த சீமைக்காரங்களை முதல்ல பாக்கட்டும். எங்களையும் நெனச்சாரே, அதுவே பெரிசு."

"சொல்கிறேன்," என்றார் நம்பி. சொன்ன பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை.

சாவடியம்மை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்தச் சொல்லை வெட்டச் சொன்னாங்க?"

"வெட்டலை. சேர்த்துட்டாங்க." நடந்ததை எல்லாம் சொன்னார். "சொல்லைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க அம்மா."

"தப்பாவா?"

"அரசர் கேட்டது அந்தக் கண்ணோட்டம் இல்லையே."

"அப்போ திரும்பப் போங்க. சரியான அர்த்தத்தைச் சொல்லிட்டு வந்துருங்க."

நம்பி வந்த வழியைப் பார்த்தார். ஓலையைப் பார்த்தார்.

"என்னால முடியாது."

"கால் வலியா?"

"கால் இல்லை."

அவள் பெருக்கிக்கொண்டே இருந்தாள்.

"நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க," என்றார் அவர். "பொய் எழுதட்டுமா? வேற சீமையைக் கடைசியில போடட்டுமா? அங்கயும் ஆளுங்க இருக்காங்க. அங்க போய்ப் படிச்சாலும் இப்படித்தான் உக்காரவெச்சுச் சோறு போடுவாங்க. ஏழுல ஒண்ணு கடைசியாத்தானே அம்மா வரும்?"

அவள் விளக்குமாற்றைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"குடிச்சிட்டுக் கிளம்புங்க. அரசர் காத்திட்டிருப்பாரு."

"அவர்கிட்ட என்ன சொல்றதுன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லையே."

"கண்ணோட்டம் வேணும்னு கேட்டது நானா?"

நம்பி தண்ணீரைக் குடித்தார். அதற்கு மேல் அங்கே கேட்க ஒன்றும் இல்லை.

அரண்மனையில் இளைய அரசன் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தான். வடக்கிலிருந்து வந்த தூதன் வெளிமண்டபத்தில் பதிலுக்காக உட்கார்ந்திருந்தான். அரசன் ஓலையை வாங்கி முன்னே பார்த்தான், புரட்டிப் பின்னே பார்த்தான். இரண்டு பக்கமும் எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து.

"ஒரே பார்வை என்றேன் நம்பி. இதைப் படிக்கவே ஒரு பொழுது ஆகும் போலிருக்கிறதே."

"ஆகும் அரசே."

"பாதிக்கு மேல் கள்ளிமேடு. அத்தனையும் இல்லை, இல்லை, இல்லை." அரசன் ஓலையைக் கீழே வைத்தான். "சரி, யோசிக்க ஒன்றுமில்லை. கள்ளிமேட்டையே கொடுத்துவிடுவோம். தூதனை வரச்சொல்லும்."

"சொல்கிறேன் அரசே. அதற்கு முன்னால் யாராவது கள்ளிமேட்டுக்குப் போய் ஒன்று சொல்லிவிட்டு வரவேண்டும்."

"என்னவென்று?"

"தாங்கள் கேட்ட கண்ணோட்டம் வேறு என்று."

பிறகு நம்பி எல்லாவற்றையும் சொன்னார். ஆறு கொண்டுபோனவனின் மனைவியைச் சொன்னார். வரகை அடிக்கச் சொன்னதைச் சொன்னார். அவசரமில்லை, மற்றவர்களை முதலில் பாருங்கள் என்று மாசாணி சொல்லியனுப்பியதையும் ஒரு சொல் விடாமல் சொன்னார். தன் கருத்து என்று எதையும் சேர்க்கவில்லை.

அரசன் முகம் சிவந்தது.

"அங்கேயே அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"எனக்கு வாய் வரவில்லை."

"இதற்கு ஒரு வாயா? வாசல் காவலனை அனுப்பினால் சொல்லிவிட்டு வருகிறான்."

"அனுப்பலாம். அவன் சொன்னால் நம்பமாட்டார்கள் அரசே. ராசா அப்படிச் சொல்லியிருக்கமாட்டார் என்பார்கள். வேறு யார் போனாலும் அதையேதான் சொல்வார்கள்."

வெளிமண்டபத்தில் தூதன் செருமுவது கேட்டது. அரசன் ஓலையை மறுபடி எடுத்தான். இந்தத் தடவை உடனே வைக்கவில்லை.

"அப்படியானால் நானே போகிறேன்," என்றான் கடைசியில், விறைப்பாக. "நாட்டின் நிலைமை இது, படை போதாது, உங்கள் சீமையைக் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது என்று என் வாயால் நானே சொல்கிறேன். அதுவரை தூதன் இருக்கட்டும். குதிரையைக் கட்டச் சொல்லும்."

"குதிரை போகாது அரசே. ஆறு வரைக்கும்தான் போகும், அப்புறம் நடைதான்."

"நடக்கிறேன்."

"போய் வாருங்கள்," என்றார் கொற்றநம்பி. "ஒன்றே ஒன்று. சொல்லவேண்டியதை நின்றபடியே சொல்லிவிடுங்கள். உட்கார்ந்தீர்களானால் சாப்பிடவைக்காமல் விடமாட்டார்கள்."