பூவாளக்குடி அம்மனின் முதுகு

ஆற்றங்கரை ஊரொன்றின் அருங்காட்சியகத்தில் வைத்திலிங்கனார் என்னும் அடியார் காவல் பணி செய்து வந்தார். காலையில் கற்சிலைக் கூடத்தைப் பெருக்கித் துடைப்பார். பூவாளக்குடி அம்மன்முன் கைகூப்பி நிற்பார். பிறகு மாலைவரை, வருகிறவர்களிடமெல்லாம் "தொடாதீங்க, தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். கோயில் இடிந்து போனபின் கொண்டுவந்து சுவரோடு ஒட்டி நிறுத்திய அம்மன் அது. மற்றவர்களுக்குச் சிலை, அவருக்குத் தாய்.

ஒருநாள் பார்வையற்ற மூதாட்டி ஒருத்தி கைத்தடியைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"பூவாளக்குடிப் பூசாரி மவ குஞ்சம்மா நான். சின்னப் புள்ளைல இவளுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டினவ. கண்ணுதான் இல்லியே, ஒருதரம் தொட்டுப் பாத்துட்டுப் போயிடுறேன் ஐயா."

"தொடப்படாதும்மா. சட்டம்."

அந்த நேரத்தில் அவருக்கு என்ன கேடு பிடித்ததோ, நீட்டிய கையைத் தம் கையாலேயே விலக்கியும் விட்டார். குஞ்சம்மாள் தடியைத் தட்டிக்கொண்டு திரும்பினாள். வாசற்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை.

அதன்பின் உச்சிவேளையில் கூடம் காலியாக இருக்கும்போதெல்லாம் தடி தட்டும் ஓசை கேட்டது. அம்மன்வரை வரும், நிற்கும். திரும்பிப் போகும் ஓசை மட்டும் கேட்காது. அடியாருக்குச் சோறு இறங்கவில்லை. 'தாயைப் பார்க்க வந்தவளை நானே விரட்டினேனே, பாவி' என்று மருகினார்.

கண்ணில்லாதவர்கள் தொட்டறிய, அம்மனைக் களிமண்ணில் செய்து வைக்க வேண்டும் என்று உறுதி பூண்டார். காப்பாட்சியர் செங்கமலம் அம்மையார் இசைந்து, கூடத்து மூலையில் இடம் கொடுத்தார். பழகாத கை. நான்கு முறை மண் சரிந்தது.

"அண்ணே, இது அம்மனா, இட்லிப் பானையா?" என்று சிரித்தார் உடன் வேலை பார்த்த காவலர் ஞானப்பிரகாசம். அடியார் மறுபடி மண்ணைப் பிசைந்தார்.

ஐந்தாம் முறை முகம் வந்தது. ஆனால் முதுகு? சுவரோடு நிற்பவளின் முதுகை அவர் கண்டதே இல்லை. நிறுத்தியவர்களும் இப்போது உயிரோடில்லை. தெரியாததைப் பொய்யாகச் செய்ய மனம் ஒப்பவில்லை. பின்புறத்தை வெறும் ஈர மண்ணாகவே விட்டு, "தாயே, நீதான் காட்டணும்" என்று அழுதார்.

மறுநாள் உச்சியில் தடியோசை அம்மனைத் தாண்டி, மண்ணுருவின் பின்னே போய் நின்றது. அடியார் எட்டிப் பார்த்தார். யாருமில்லை. ஈர மண்ணில் விரல்கள் ஊர்ந்த தடம் மட்டும் இருந்தது. மூன்று புரிப் பின்னல், நுனியில் ஒரு தாழம்பூ, இடத்தோளின் கீழே ஒரு பள்ளம்.

"நீங்களே கீறிட்டு எங்கிட்ட கதை விடுறீங்களா?" என்றார் ஞானப்பிரகாசம்.

ஒரு மாதம் சென்றது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குச் சாய்தளம் அமைக்க அந்தச் சுவரை இடிக்க வேண்டியிருந்தது. அம்மனைக் கயிறு கட்டி நகர்த்தினார்கள். முதுகில் வெளிச்சம் விழுந்தது.

மூன்று புரிப் பின்னல். தாழம்பூ. இடத்தோளின் கீழே, எந்தக் காலத்திலோ கல் பெயர்ந்த பள்ளம்.

ஞானப்பிரகாசம் செருப்பைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிட்டார். காப்பாட்சியர் அடியாரை அம்மன் அருகே அழைத்தார். பிறகு, "நீங்க தொட்டுக்கங்க ஐயா" என்றார்.

வைத்திலிங்கனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்மா. கண்ணில்லாத சனமெல்லாம் வந்து தொடட்டும். எனக்கு இன்னும் தகுதி வரல."

தாயை ஒருநாளும் தொடாமலே, காணாதவர் கைகளுக்கு அவளைக் காண வைத்த வைத்திலிங்கனாரின் அடிகளை நாம் வணங்குவோம்.