உள்ளே இறங்காத மூச்சு

"எனக்கு மூச்சு நின்னுடும்னு பயமா இருக்கும்மா."

வைத்தியலிங்கம் இதைச் சொன்னபோது இருளாயி கரையில் உட்கார்ந்து விரல்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். கடலடிப் பாறையில் பாசி பிய்ப்பவர்களுக்குத் துணி இல்லாவிட்டால் விரல் மிஞ்சாது.

"எத்தன நாளாங்கய்யா?"

"மூணு மாசம். படுத்தா நெஞ்சு படபடங்குது. பாதிக்கு மேல மூச்சு உள்ள இறங்க மாட்டேங்குது. தூக்கமே போச்சு."

"டாக்டரப் பாத்தீகளா?"

"எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. இருதயம் நல்லா இருக்காம், நுரையீரல் நல்லா இருக்காம். எனக்குத்தான் நல்லா இல்ல."

"என்ன வேல பாக்குறீக?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்திருந்தார்.

"மடத்துல மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுக்கிறேன்," என்றார். "இருபத்திரண்டு வருஷமா."

இருளாயி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஐம்பத்தேழு வயது மனிதர், நாற்பது பேருக்கு ஆசான், முப்பது வயதுப் பெண்ணிடம் கைகட்டி நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை. "கடலுக்குள் மூச்சடக்கிப் பாசி எடுப்பவளைப் போய்ப் பார்" என்று மடத்துத் தலைவர் அனுப்பியிருக்காவிட்டால் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டார்.

"அங்க சொல்லிக் குடுக்கிறத எனக்கும் சொல்லுங்க."

அவர் முகம் தெளிந்தது. இது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல குடை மாதிரி ஒரு தசை இருக்கு. உதரவிதானம்னு பேரு. அது கீழ இறங்கினா நுரையீரலோட அடிவரைக்கும் காத்து போகும். வயிறு எழும்பும். படபடப்பு அடங்கும், தூக்கம் வரும். அத விட்டுட்டு தோளையும் கழுத்தையும் வச்சே இழுத்தா பாதி மூச்சுதான். பயம்தான் வளரும்."

"அம்புட்டும் தெரியுதே. பெறகென்ன?"

"என்னுது இறங்க மாட்டேங்குதும்மா." அவர் வயிற்றில் கை வைத்துக் காட்டினார். "ஒவ்வொரு மூச்சையும் பாத்துக்கிட்டே இருக்கேன். பாக்கப் பாக்க அடைக்குது. பாக்காம விட்டா நின்னே போயிடுமோன்னு இருக்கு."

இருளாயி எழுந்து, கரையில் கிடந்த சின்ன வள்ளத்தைக் காட்டினாள்.

"ஏறுங்க."

பாறைத்திட்டு வந்ததும் நங்கூரம் போட்டாள். பாசி எடுக்கும் மற்றப் பெண்கள் வெகு தூரத்தில் முங்கி எழுந்துகொண்டிருந்தார்கள். இருளாயி விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீரில் விட்டாள். வாயால் நீளமாக ஊதினாள். வயிறு ஒட்டியது. பிறகு, இழுப்பதாகவே தெரியாமல், வயிறு நிறைந்தது. தோள் அசையவில்லை.

முங்கினாள்.

வைத்தியலிங்கம் பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்தார்.

முப்பது. நாற்பது. அறுபது.

எழுபதில் எழுந்து நின்றார்.

"இருளாயி," என்று கூப்பிட்டார். தண்ணீரைக் கூப்பிட்டு என்ன பயன்? தூரத்துப் பெண்களைப் பார்த்துத் துண்டை வீசினார். ஒருத்தியும் திரும்பவில்லை. எண்ணிக்கை விட்டுப்போயிற்று. இவளுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றுகூடக் கேட்கவில்லையே என்று தோன்றியது. தன் பாட்டைச் சொல்லத்தான் வந்தோமே தவிர, அவளைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அவருக்கு நீச்சல் தெரியாது. இருந்தும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வெளியே போட்டார்.

பின்பக்கம் தண்ணீர் சலசலத்தது. பாசிப் பையோடு இருளாயி தலையைத் தூக்கினாள்.

அவர் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குள்ளிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. அடுத்த மூச்சு தானாக உள்ளே போயிற்று.

"செத்துட்டீங்கன்னே நினைச்சேம்மா," என்றார். கண் கலங்கிவிட்டது.

"நெதம் பண்றதுதானுங்களே."

இருளாயி பையை வள்ளத்துக்குள் போட்டாள். விளிம்பில் கையூன்றி அவரைப் பார்த்தாள். சட்டைக்குள் அவர் வயிறு நிதானமாக எழும்பித் தாழ்ந்துகொண்டிருந்தது.

"இம்புட்டு நேரம் உங்க மூச்ச யாருங்கய்யா பாத்துக்கிட்டிருந்தது?"