நூற்றுக்கு நூறு திருப்தி

புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே சீட்டு தரும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று நோயாளிகளுக்கு உதவுவது செங்கமலத்தின் வேலை. இயந்திரத்தின் திரையைப் புதிதாக மாற்றிய ஒரு மாதத்தில் அவள் வாங்காத திட்டில்லை. அதனால், திரையை மாற்றிய அதிகாரி தயாபரன், அங்கே வந்த மருத்துவமனை முதலாளியான டாக்டரிடம், "புதுத் திரையில் நூற்றுக்கு நூறு பேருக்கும் திருப்தி" என்று அறிக்கையை நீட்டியபோது அவள் திடுக்கிட்டுப்போனாள்.

"இல்லீங்க சார், எல்லாரும் திட்டுறாங்க" என்று சொல்லிவிட்டாள்.

தயாபரனுக்கு முகம் சிவந்தது. "திருப்தி இல்லேன்னு பதிவு செஞ்ச ஒரே ஒரு ஆளைக் காட்டு. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

"காட்டுறேன் சார். அதை எங்க அமுக்கணும்னுதான் தெரியல. ஒரு தடவை நீங்களே அமுக்கிக் காட்டுங்க."

அவர் வரிசைக்கு முன்னால் போய் நின்றார். பெயர் கொடுத்தார், போன் எண் கொடுத்தார். கடைசியில் 'திருப்தி' என்று சிரித்த முகம் ஒன்று மட்டும் வந்தது. வாடிய முகத்தைத் தேடித் திரையை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். பார்வைக்கு அழகாக இல்லையென்று அதைத் தாமே எடுத்துவிட்டது அவருக்கே மறந்துபோயிருந்தது. சீட்டும் வரவில்லை.

பின்னால் நின்ற பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "யோவ், ஊருக்குப் புதுசா? அந்தச் சிரிக்கிற மூஞ்சிய அமுக்கித் தொலைய்யா! அப்பத்தான் சீட்டு வரும்!"

தயாபரன் அமுக்கினார். சீட்டு வந்தது.

டாக்டர் கையிலிருந்த அறிக்கையைப் பார்த்தார். "அப்போ, திருப்தின்னு சொன்ன அத்தனை பேரும்?"

"சீட்டு வாங்க வந்தவங்க சார்" என்றாள் செங்கமலம். "இப்ப இவரையும் சேத்துக்குங்க."