இறங்காத பாதரசம்

தாயி, வெப்பமானி வைத்திருந்த வெள்ளை மரப்பெட்டியின் கதவைத் திறந்து மூக்கை உள்ளே நீட்டினாள்.

"தொட்டுராதீங்க தாயி," என்று பதறினார் திருமேனிநாதன். "நாலு நாளா அப்படியே வச்சிருக்கேன். நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றாரு. அவரு கண்ணால பாக்கணும்."

வானிலை நிலையத்தில் அவருக்கு இது முப்பதாவது வருஷம். குளத்தங்கரை மடத்தில் தனியாக இருக்கும் தாயி அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனாலும் மனசு அடைத்துக்கொண்டால் அவர் அவளிடம்தான் போவார். இன்று அவளே வந்திருந்தாள், விடியலில் பெய்த மழையில் தொப்பலாக நனைந்து.

நாலு நாளைக்கு முன் அடித்தது அந்த வெயில்; ஆவணிக் கடைசியில் அப்படியொன்றை ஊர் கண்டதில்லை. கானலில் மலை தரையை விட்டு எழும்பி மிதந்தது. காக்கைகள் வாய் பிளந்தபடி சத்தமில்லாமல் பறந்தன. கண்ணாடிக் குழாயில் பாதரசம் நாற்பத்து நான்கு டிகிரியைத் தொட்டது. எழுபது வருஷப் பதிவேட்டில் இல்லாத எண். அன்று பிற்பகல்தான் அவருடைய தம்பி வயலில் சுருண்டு விழுந்தான்.

"தம்பி எப்படி இருக்காரு?"

"ஆஸ்பத்திரியிலதான். கண்ணைத் திறக்கறதும் மூடறதுமா இருக்கானாம். என் வீட்டுக்காரி சொன்னா. தினம் அவனுக்குக் கஞ்சி வேற என்கிட்ட கொடுத்து விடறா."

தாயி படியில் இருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தாள்.

"நேத்துக் கஞ்சியை யாரு குடிச்சா?"

"நான்தான்."

அவள் சிரித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்பா காரியத்தன்னிக்கு, ஊரே கேக்குற மாதிரி சொன்னான் தாயி. 'இவரு வானத்தை அளந்துக்கிட்டு இருந்தாரு, அப்பா மூச்சை நான்தான் எண்ணினேன்'னு. பதினோரு வருஷமாச்சு. இப்ப நான் போகணுமா?"

அவள் பெட்டிக்குள் பார்த்தாள்.

"இது இப்ப எவ்வளவு காட்டுது?"

"நாற்பத்து நாலு."

"இவ்வளவு மழைக்குமா இறங்கலை?"

"இது உச்சத்தைப் பிடிச்சு வச்சுக்கிற குழாய். தானா இறங்காது. தினம் காலையில நாமதான் கையால உதறணும்."

"உதறலைன்னா?"

"அங்கேயே நிக்கும். அதுக்கப்புறம் குறைஞ்சு அடிச்ச வெயில் எதுவும் இதுக்குத் தெரியாது."

வேப்பமரம் சொட்டிக்கொண்டிருந்தது. தாயி ஈர முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எனக்குக் குளிருது அண்ணாச்சி."

அவர் குழாயை எடுத்து, கையை நீட்டி, இரண்டு தரம் உதறினார். திரும்ப வைத்துப் பெட்டியைச் சாத்தினார்.

படியில் இருந்த தூக்குச்சட்டியின் மூடியை அழுத்தி இறுக்கி, சைக்கிள் கைப்பிடியில் மாட்டினார்.