மூணு மடக்கு ஜின்செங் டீ

கொரியா தேசம் இருக்குல்ல, அங்க ஒரு மலையடிவாரத்து ஊருல புன்ஹீன்னு ஒரு மருமக இருந்தாளாம். அவ மாமியாருக்கு வாய் ஓயவே ஓயாது. சோறு குழைஞ்சா திட்டு, குழையலைன்னா திட்டு, சும்மா நின்னா அதுக்கும் திட்டு. அப்பேர்ப்பட்டவ ஒரு மழைக்காலத்துல படுத்தா பாரு, உடம்பெல்லாம் சில்லிட்டு, பேச்சே நின்னு போச்சு. அந்தத் திட்டு இல்லாம புன்ஹீக்குச் சோறே எறங்கல!

வைத்தியர் வந்து நாடி புடிச்சுப் பாத்தாரு. "மலையில வெளையிற ஜின்செங் வேரு வேணும்மா. மண்சட்டியில சின்னத் தீயில டீ காய்ச்சிக் குடு. அவங்க உடம்பு நாலு நாளைக்கு மேல தாங்காது"ன்னுட்டாரு.

அப்புறம் என்ன, வேர் தோண்டுற ஆளுங்களோட அவளும் மலை ஏறிட்டா. அங்க ஒரு கட்டுப்பாடு உண்டு. வேரைப் பாத்தவங்க "கண்டேன் வேரை!"ன்னு மூணு தடவை கத்தணும். உடனே மத்தவங்க நின்ன இடத்துலயே உக்காந்துடணும். தோண்டி முடிக்கிறவரைக்கும் எந்திரிக்கக் கூடாது. மீறினா அப்புறம் மலையில காலே வைக்க முடியாது.

கூட வந்த மான்சு இருக்கானே, அவன் பெரிய எமகாதகன். வேரே பாக்காம "கண்டேன் வேரை!"ன்னு கத்துவான். எல்லாரும் உக்காந்ததும் தான் மட்டும் மலை முழுக்கத் தேடுவான். சாயங்காலம், "அடடா, புல்லைப் பாத்து ஏமாந்துட்டேன்"னு பல்லைக் காட்டுவான். முத நாள் அப்படி. ரெண்டாம் நாளும் அப்படி. மூணாம் நாளும் கத்தினான், படுபாவி!

புன்ஹீ அழுதுக்கிட்டே உக்காந்தா. உக்காந்தா, மூக்குக்கு நேரா செவப்புப் பழக் கொத்து! ஜின்செங் செடி!

"கண்டேன் வேரை! கண்டேன் வேரை! கண்டேன் வேரை!"

"நான்தான் முதல்ல கத்தினேன்!"னு குதிச்சான் மான்சு.

கூட்டத்துத் தலைவரு, "அப்படியா? உன் வேரைக் காட்டு"ன்னாரு.

காட்ட என்ன இருக்கு?

"அப்ப நின்ன எடத்துலயே உக்காரு."

குனிஞ்சு பாத்தா, நிக்கிறது கட்டெறும்புப் புத்து! மீறினா மலையையே மறந்துட வேண்டியதுதானே! உக்காந்தான்.

"ஐயோ, சீக்கிரம் தோண்டும்மா!"

"அவசரப்பட்டா சல்லிவேரு அறுந்துடும் அண்ணே"ன்னா புன்ஹீ. ஒவ்வொரு சல்லியா, மண்ணை விரலால தள்ளித் தள்ளி, பொழுது சாயறவரைக்கும் தோண்டினா.

அப்புறம் வீட்டுக்கு ஓடி வந்து டீ காய்ச்சி ஊட்டினா. முதல் மடக்கு, விரல் அசைஞ்சுது. ரெண்டாம் மடக்கு, கண்ணு தொறந்துச்சு. மூணாம் மடக்குல மாமியார் மூஞ்சியைச் சுளிச்சா.

"கருமம், ஒரே கசப்பு! ரெண்டு இலந்தைப் பழம் போடணும்னு தெரியாதா உனக்கு?"

"திட்டுங்க அத்தை, இன்னும் நல்லா திட்டுங்க"ன்னு புன்ஹீ சிரிச்சுக்கிட்டே அழுதா.

மான்சுவா? ஒரு மாசம் நின்னுக்கிட்டேதான் சோறு தின்னான். பொய் சொல்லி ஊரையே உக்கார வச்சவனுக்கு உக்கார எடமில்லாமப் போச்சு. சட்டியில டீயும் தீந்துச்சு, என் கதையும் முடிஞ்சுது, கண்ணை மூடு.