ராகு காலத்தில் ஒரு முட்டி

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் எலும்பு ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே பெரிய டாக்டர் பொன்னுரங்கம். முட்டி தேய்ந்து உட்கார்ந்துவிட்டவர்களுக்கு மூட்டு மாற்றி, எழுப்பி நடக்க வைத்தே பேர் வாங்கியவர். கைராசிக்காரர் என்று சுற்றுவட்டாரமே சொல்லும். அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

அவரிடம் தொழில் பழகியவள் மீனலோசனி. நாற்பதைத் தாண்டிய டாக்டர், வாய் கொஞ்சம் நீளம். நல்ல நேரம் குறித்துக்கொண்டு வருகிற நோயாளிகளைக் கேலி செய்து அனுப்புவாள். ஆனால் மனசு வெண்ணெய். யாராவது கண்ணீர் விட்டால் உருகிவிடுவாள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

மளிகைக்கடை சங்கரபாண்டியனுக்கு அவள்தான் முட்டி மாற்றினாள். ஆளை மேஜையில் படுக்க வைத்து, கருவித் தட்டுகளையெல்லாம் திறந்து பரப்பியாகிவிட்டது. மரத்துப்போக முதுகில் ஊசி போடப்போகிற நேரம் பார்த்து அவர் மனைவி ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வந்து நின்று, ராகு காலம் முடிகிற வரைக்கும் கத்தி வைக்காதீங்க தாயி என்று கும்பிட்டு அழுதாள். சரி, போனால் போகிறது என்று மீனலோசனி காத்திருந்தாள். ராகு காலம் கழிந்த பிறகே ஆரம்பித்தாள்.

சில வாரத்தில் முட்டி சீழ் பிடித்துவிட்டது. மறுபடி திறந்து, வைத்த மூட்டை எடுத்து, கழுவி, மாசக்கணக்கில் மருந்து கொடுத்து, பாவம், மனுஷன் கைத்தடியோடு வீடு போய்ச் சேர்ந்தார்.

ஊர் சும்மா இருக்குமா? நேரம் நல்ல நேரம்தான், அப்போ கோளாறு டாக்டர் கையில்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ராசியில்லாத கை என்று பேராகிப்போச்சு. அவளிடம் தேதி வாங்கியிருந்தவர்கள் மகளுக்கு வளைகாப்பு, வீட்டில் வெள்ளையடிப்பு என்று ஒவ்வொரு சாக்காகச் சொல்லிக் கழன்றுகொண்டார்கள்.

அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். தன் கையைத் தானே சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கத்தியை விட்டுவிட்டு வேறு ஊரில் எங்காவது உட்கார்ந்து மாத்திரை எழுதிப் பிழைத்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டாள். அதைச் சொல்லத்தான் பொன்னுரங்கத்தின் அறைக்குப் போனாள்.

போனவள் வேறொன்றைக் கேட்டாள்.

"சார், கைராசின்னு ஒண்ணு உண்டா?"

அவர் தன் வலது முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் நின்றே வேலை பார்த்ததில் அவருக்கும் முட்டி தேய்ந்து ரொம்ப நாளாகிறது.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல தியேட்டரைப் பிடிச்சு வை. ஒரு வலது முட்டி இருக்கு."

"யாருக்கு சார்?"

"எனக்கு. நீதான் பண்ற."

வெள்ளிக்கிழமை பத்தரை என்றால் ராகு காலம் என்று குழந்தைக்கும் தெரியும். தியேட்டர் சிஸ்டர் ரெஜினா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரே காலண்டரைப் பார்த்துவிட்டு, அந்த நேரம் வேண்டாமே என்று இழுத்தார். பொன்னுரங்கம் சிரித்துக்கொண்டு போய்விட்டார். மீனலோசனிக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் முட்டியும் சீழ் பிடித்தால் தன் கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். அதைவிட, போவது அவருடைய கால்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. முதுகில் ஊசி போட்டதில் அவருக்கு இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. நெஞ்சுக்கு மேலே திரை. திரைக்கு அந்தப் பக்கம் முழு விழிப்போடு படுத்திருந்தார்.

இந்தப் பக்கம் மீனலோசனி எக்ஸ்ரேயை இன்னொரு தடவை பார்த்தாள். விளக்கைத் தள்ளச் சொன்னாள், திரும்ப இழுக்கச் சொன்னாள். பஞ்சு சரியாக இருக்கிறதா என்று மறுபடி எண்ணச் சொன்னாள். கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. நாள் நேரத்தைக் கேலி செய்தவள் ராகு காலத்தைக் கழிக்கப் பார்க்கிறாள் என்று ரெஜினாவுக்குப் புரிந்துவிட்டது. சொன்னபடி பஞ்சை இன்னொரு தடவை எண்ணினார்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தட்டெல்லாம் திறந்தாச்சா?"

"அப்பவே ஆச்சு சார்."

"அப்புறம் என்ன?"

அவள் கண் மறுபடி கடிகாரத்துக்குப் போனது.

"அன்னிக்கும் இப்படித்தான் திறந்து வெச்சுட்டுக் காத்திருந்தியா?"

மீனலோசனி தட்டைத் திரும்பிப் பார்த்தாள். கருவிகள் பளபளவென்று திறந்து கிடந்தன. யாரோ எதற்கோ கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள், போனார்கள். கருவிமேல் கிருமி படிகிற மாதிரி வெளிக்காற்று உள்ளே வந்தது. அன்றைக்கும் வந்திருக்கும். எத்தனையோ நாள் தூக்கமில்லாமல் தன் கையை நினைத்து நினைத்து அழுதிருக்கிறாள். இந்தத் தட்டை ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

"அதனாலதான் சார் அப்படி ஆச்சா?"

"அது மட்டும்தான்னு என்னால சொல்ல முடியாது. இப்ப என் முட்டியைப் பாரு."

அவள் நிமிர்ந்து நின்றாள்.

"சிஸ்டர், இதையெல்லாம் எடுத்துட்டுப் போங்க. புதுத் தட்டு கொண்டு வாங்க. நான் கை கழுவிட்டு வந்தப்புறம் திறந்தாப் போதும். வேலை முடியற வரைக்கும் அந்தக் கதவை யாரும் தொடக் கூடாது."

ராகு காலம் பாதியில் இருக்கும்போது அவள் கத்தியை வைத்தாள். அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு அந்தக் கை வேலை செய்த அழகைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ரெஜினா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கடைசித் தையல் விழும்போது திரைக்குப் பின்னால் பெரிய டாக்டர் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாராம்.

கால் ஆறியது. மழைக்காலம் முடிவதற்குள் பொன்னுரங்கம் தடியில்லாமல் மாடிப்படி ஏறினார். ஊர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தது. அவர் உடம்பே ராசியான உடம்பு, யார் கை வைத்தாலும் ஆறிடும் என்றது. மீனலோசனிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அதற்கு முன்பே அவள் சங்கரபாண்டியன் வீட்டுக்குப் போய், தட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்ததைச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். உங்க வீட்டம்மா கேட்டாங்க, ஆனா சரின்னு சொன்னது நான்தான், அந்தத் தப்பு என்னோடது என்றாள். அவர் மனைவி காபி கொடுத்தாள், அவ்வளவுதான்.

அந்த அம்மாளே தை மாசம் ஆஸ்பத்திரிக்கு வந்தாள், தன் முட்டியைப் பிடித்துக்கொண்டு. நேராகப் பெரிய டாக்டர் அறைக்குள் போனாள். மீனலோசனி அங்கேதான் எக்ஸ்ரே விளக்குப் பக்கம் நின்றிருந்தாள். அந்த அம்மாள் அவளைப் பார்த்தாள், பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"டாக்டரய்யா, நீங்கதான் பண்ணணும். உங்க கைராசியை நம்பித்தான் வந்திருக்கேன்."

பொன்னுரங்கம் எழுந்தார். மேஜையைப் பிடிக்காமல் நடந்து வந்து அந்த அம்மாள் முன்னால் நின்றார். வலது கால்சட்டையை முட்டிக்கு மேலே சுருட்டினார். நேர்கோடாக, மெல்லிசாக ஒரு தழும்பு இருந்தது.

"என் கையை நம்பி வந்திருக்கீங்க, சந்தோஷம். எனக்கு இந்த நிலைமை வந்தப்போ நான் நம்பின கை அதோ நிக்குது."